கால் போனால் வேலையும் போய்விடுமா?

வாசகர் கேள்விக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு வயது 44. அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் 17 ஆண்டுகளாக ஓட்டுநர். நான்கு மாதங்களுக்கு முன் இரவு டியூட்டி முடிந்து பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு பைக்கில் வீடு திரும்பும்போது, எதிரே வந்த சரக்கு வேன் மோதிவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவ விடுப்பு தீர்ந்து இப்போது சம்பளமில்லா விடுப்பு ஓடுகிறது. போன வாரம் கிளை அலுவலகத்திலிருந்து ஒருவர் வீடு தேடி வந்து, தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘எனது உடல்நிலை காரணமாக, எனது சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற விரும்புகிறேன்’ என்று அதில் இருக்கிறது. கீழே கையெழுத்துக்கு இடம். “மெடிக்கல் போர்டுக்குப் போனால் அன்ஃபிட் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் நீங்களே எழுதிக் கொடுத்தால் பணம் சீக்கிரம் வரும், பையனுக்கும் வேலை கேட்டுப் பார்க்கலாம்” என்றாராம் வந்தவர். மருத்துவக் குழு முன் ஆஜராக இன்னும் 12 நாள் இருக்கிறது.

மகன் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, மகள் பத்தாம் வகுப்பு. வீட்டுக் கடன் இருக்கிறது. ‘விபத்து வேலை நேரத்தில் நடக்கவில்லை, அதனால் கழகத்திடம் எதையும் கேட்க எங்களுக்கு உரிமை இல்லைதானே? மாற்றுத்திறனாளி கோட்டாவில் அவருக்கு வேறு அரசு வேலை கிடைக்குமா? கையெழுத்துப் போட்டுவிடலாமா?’ என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் கணவர் சொன்ன ஒரு வரியும் இருக்கிறது: “ஒத்தக் காலோட டெப்போ வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம். ஒரு கவரில் போட்டு, அது வந்த தேதியையும் கொண்டுவந்தவர் பெயரையும் கவரின் மேல் எழுதிப் பத்திரமாக வையுங்கள். பின்னால் தேவைப்படலாம். ஒருவேளை இதை நீங்கள் படிப்பதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், அதை ஏற்று உத்தரவு வருவதற்கு முன் ‘திரும்பப் பெறுகிறேன்’ என்று இன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் இன்றைய தேதியில் வேலை இழந்தவர் அல்ல. விடுப்பில் இருக்கும் ஓர் ஊழியர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 20-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு அவரைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாது என்றால் அதே ஊதிய விகிதத்தோடும் பணிப் பயன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இப்போதைக்கு இல்லை என்றால், பொருத்தமான இடம் காலியாகும் வரையிலோ ஓய்வு வயது வரும் வரையிலோ, எது முந்தியோ அதுவரை, கூடுதலாக ஒரு பணியிடத்தை உண்டாக்கி அதில் வைத்திருக்கலாம். சூப்பர்நியூமரரி போஸ்ட் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

போக்குவரத்துக் கழகம் கம்பெனிச் சட்டத்தில் பதிவானதுதானே, அது எப்படி அரசு நிறுவனம் ஆகும் என்று யாராவது குறுக்கே கேட்கலாம். அரசுக்குச் சொந்தமான, அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களும் அரசு கம்பெனிகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. அந்தச் சந்தேகம் வேண்டாம்.

‘வேலை நேரத்தில் நடக்கவில்லையே’

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் இதையே எழுதியிருக்கிறீர்கள். உங்களை இவ்வளவு நாள் வாய் திறக்காமல் வைத்திருந்தது இந்த எண்ணம்தான் என்று நினைக்கிறேன். தப்பு உங்களுடையது இல்லை. தொழிலாளி அடிபட்டால் நஷ்டஈடு என்ற பழைய சட்டத்தில் ‘வேலையின்போது, வேலை காரணமாக’ என்ற நிபந்தனை உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் விதி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

20(4)-இல் அந்த நிபந்தனை இல்லை. சட்டம் சொல்வது ‘பணிக்காலத்தில்’ ஊனம் ஏற்பட்டால் என்று. டியூட்டி நேரம் வேறு, பணிக்காலம் வேறு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை எல்லாமே பணிக்காலம்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போன இடத்தில் மாடியிலிருந்து விழுந்தாலும் சரி, சர்க்கரை நோயால் கண் போனாலும் சரி, ஊழியர் பட்டியலில் பெயர் இருக்கும் வரை இந்தப் பாதுகாப்பு உண்டு.

இது 2016-இல் புதிதாக முளைத்ததும் அல்ல. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 47-ஆவது பிரிவாக இருந்தது. குணால் சிங் என்ற துணை ராணுவக் காவலருக்குக் கால் எடுக்கப்பட்டு, தகுதியிழந்தவர் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 2003-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ‘அவருக்குத்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கொடுக்கிறோமே’ என்ற அரசின் வாதத்தையும் ஏற்கவில்லை. ஓய்வூதியம் கொடுத்துவிட்டதால் வேலை கொடுக்கும் கடமை தீர்ந்துவிடாது என்றது.

உங்கள் கணவர் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று இருக்கிறது. ஆந்திரத்தில் 2014-இல் அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநராகச் சேர்ந்த ஒருவருக்கு நிறக்குருடு இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. 2016 ஜனவரியில் மருத்துவக் காரணம் சொல்லி ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாற்று வேலை கேட்டார், இல்லை என்றார்கள். 2025 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம், எட்டு வாரத்துக்குள் அவருக்கு அதே ஊதிய நிலையில் பொருத்தமான வேலை கொடுக்க வேண்டும், நிலுவைச் சம்பளத்தில் 25 சதவீதமும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மாற்று வேலை இருக்கிறதா என்று உண்மையிலேயே தேடிப் பார்க்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு, தேடாமலே இல்லை என்று கைவிரிக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஒன்பது ஆண்டு போராட்டத்துக்குக் கிடைத்தது 25 சதவீதம்தானா என்று எனக்கும் ஆதங்கம் உண்டு. ஆனால் வேலை திரும்பக் கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. இதே விபத்து ஒரு தனியார் பஸ் ஓட்டுநருக்கு நடந்திருந்தால் இவ்வளவு தைரியமாக நான் எழுத முடியாது. 20(4) அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தனியாருக்குச் சட்டம் வைத்திருப்பது ஊக்கத்தொகை வழி. பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி சேர்த்துக்கொள்ளும் முதலாளிகளுக்கு அரசு தன் வசதிக்கு உட்பட்டு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்கிறது 35-ஆவது பிரிவு. கெஞ்சுகிற பிரிவு என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அதனால்தான், உங்கள் அண்ணன் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்தத் தனியார் பள்ளி பஸ் சூப்பர்வைசர் வேலை எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும், கையில் இருக்கும் இந்தப் பாதுகாப்பை விட்டுவிட்டு அதற்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருத்துவச் சான்றில் ஒரு சொல்

மருத்துவக் குழுவைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அங்கே ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும்.

‘பணிக்குத் தகுதியற்றவர்’ என்று எழுதுவதற்கும் ‘ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர்’ என்று எழுதுவதற்கும் நடுவில் உங்கள் குடும்பத்தின் பதினாறு வருடச் சம்பளம் இருக்கிறது. ஓய்வு வயது 60 என்று வைத்துக்கொண்டால் 192 மாதம். செயற்கைக் கால் வைத்தாலும் கனரக வாகனம் ஓட்ட முடியாது என்பது உண்மை, அதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் உட்கார்ந்து பதிவேடு எழுத, டிக்கெட் முன்பதிவு பார்க்க, டைம் கீப்பர் அறையில் வண்டி வரும் நேரம் போகும் நேரம் குறிக்க, ஸ்டோரில் உதிரிபாகக் கணக்கு வைக்க அவரால் முடியும். 17 வருடம் வண்டி ஓட்டியவருக்கு எந்த ரூட்டில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பது தலைகீழ்ப் பாடமாக இருக்குமே.

ஆகவே குழு முன் போகும்போது ஒரு பக்க மனு கொண்டுபோகட்டும். ‘ஓட்டுநர் பணியை இனி என்னால் செய்ய இயலாது. அமர்ந்து செய்யும் பணிகளைச் செய்யும் உடல்நிலையில் இருக்கிறேன். எவ்வகைப் பணிகளுக்கு நான் தகுதியானவன் என்பதையும் அறிக்கையில் குறிப்பிடும்படி வேண்டுகிறேன்’ என்ற மூன்று வரி போதும். ஒரு நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல் வெளியே வந்து அன்றே அதைத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

ஒருவேளை குழு பொத்தாம்பொதுவாக ‘தகுதியற்றவர்’ என்றே எழுதிவிட்டாலும் கதை முடிந்துவிடாது. அப்படி எழுதப்பட்டவர்களுக்குத்தான் இந்தச் சட்டப் பிரிவே. ஆனால் அந்த ஒரு சொல் சரியாக இருந்தால் கோர்ட் வாசல் மிதிக்காமலே காரியம் முடிய வாய்ப்பு அதிகம்.

இதோடு தனியாக, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் யுடிஐடி எனப்படும் தேசிய அளவிலான அடையாள அட்டைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அதற்கான மருத்துவ மதிப்பீடு வேறு, கழகம் அனுப்பும் மருத்துவக் குழு வேறு. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் கால் எடுக்கப்பட்டவருக்கு ஊன அளவு 40 சதவீதத்துக்குக் கீழே வராது. செயற்கைக் காலுக்கும் அதே அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் செய்து தருகிறார்கள்.

மகனுக்கு வேலை என்ற ஆசை

சகோதரி, இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் மனம் அந்தத் தாளின் பக்கம் சாய்வதற்குக் காரணம் பணம் இல்லை, மகன்தான் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ‘அவர் வாழ்க்கை எப்படியும் முடிந்துவிட்டது, பையனாவது உட்காரட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

பஞ்சாபில் பகவான் தாஸ் என்று ஒரு மின்வாரிய ஊழியர் இருந்தார். அசிஸ்டென்ட் லைன்மேன். 1990-களில் பார்வை முழுக்கப் போய்விட்டது. தனக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள், என் மனைவிக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். வாரியம் ஓய்வை உடனே ஏற்றுக்கொண்டது. மனைவிக்கு வேலை தரவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அலைந்து 2008-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது. சட்டம் தெரியாத ஒருவர் நிலைகுலைந்து எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவரை வெளியே அனுப்பியது தவறு, அவருடைய உரிமையை அதிகாரிகள்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஓய்வு பெற்றதாகச் சொன்ன நாளிலிருந்து அவர் பணியில் இருந்ததாகவே கணக்கு வைத்து எல்லாப் பயன்களையும் தரச் சொன்னது.

உங்கள் வீட்டுக்கு வந்த தாளும் பகவான் தாஸ் எழுதிய கடிதமும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம், அவர் தானாக எழுதினார், உங்களுக்குத் தட்டச்சு செய்தே கொண்டுவந்து தந்துவிட்டார்கள். ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற நான்கு சொற்களை நன்றாகப் பாருங்கள். சொந்த விருப்பம் என்றால் அதை வேறொருவர் ஏன் டைப் அடிக்க வேண்டும்? பின்னால் கோர்ட்டில் ‘நாங்கள் நீக்கவில்லை, அவராகத்தான் போனார்’ என்று சொல்வதற்கான சொற்கள் அவை.

கருணை அடிப்படை வேலை என்பது உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1994 முதல் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. வறுமை நிலை, காலியிடம், விதிகள், காத்திருப்போர் வரிசை எல்லாம் பார்த்துத்தான் கிடைக்கும். அதிலும் ‘விருப்ப ஓய்வு’ என்று எழுதிக்கொடுத்து வெளியே வந்தவரின் மகன் எந்த அடிப்படையில் கருணை கேட்பான்? விருப்பப்பட்டுப் போனவருக்குக் கருணை எதற்கு என்று ஃபைலில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வந்தவர் இதைத் தெரிந்தே மறைத்தாரா, அவருக்கே தெரியாதா என்று நான் யூகிக்கப் போவதில்லை. ஆனால் கையில் இருக்கும் உறுதியான வேலையைக் கொடுத்துவிட்டு, வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்குக் காத்திருக்கச் சொல்கிறார். டிப்ளமோ முடிக்க உங்கள் மகனுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தானே. அவன் படித்து முடிக்கட்டும்.

கோட்டாவைப் பற்றிக் கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். நேரடி ஆள்சேர்ப்பில் குறைந்தது 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவித்திறன் குறைபாட்டுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1, ஆட்டிசம், மனநோய், பல்வகைக் குறைபாடு போன்றவற்றுக்குச் சேர்த்து 1. முன்பு 3 சதவீதமாக இருந்ததை 2016 சட்டம் உயர்த்தியது. 40 சதவீத ஊனச் சான்று இருந்தால் உங்கள் கணவரும் மூன்றாவது பிரிவில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது புதிதாக வேலை தேடுபவர்களுக்கான கதவு. இவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். பத்தாம் வகுப்புப் படிப்போடு, 44 வயதில், ஆயிரக்கணக்கான இளைஞர்களோடு போட்டித் தேர்வு எழுதி, 17 வருட சீனியாரிட்டியை விட்டுவிட்டு அடிமட்டத்தில் தொடங்க வேண்டிய அவசியம் என்ன?

கோட்டா வேறொரு வகையில் அவருக்குப் பயன்படலாம். பதவி உயர்விலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இடஒதுக்கீடு உண்டு என்று 2020-இல் சித்தராஜு வழக்கிலும், கோட்டாவில் சேராமல் வேறு வழியில் வேலைக்கு வந்தவருக்கும் அது பொருந்தும் என்று 2021-இல் கேரளத்து லீசம்மா ஜோசப் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் மாற்று வேலை கிடைக்கட்டும், அப்புறம் அதைப் பார்க்கலாம்.

விபத்து நஷ்டஈடு: கெடு ஓடிக்கொண்டிருக்கிறது

நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் இதுதான் அவசரம். வேன் மோதியதற்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். நான்கு மாதம் போய்விட்டது. முதல் தகவல் அறிக்கை நகல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா பில்களும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் நடந்தது என்பதால் வேலை காரணமாக அடிபட்டவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்திலும் கேட்க வழி உண்டு. ஆனால் இரண்டில் ஒன்றில்தான் கேட்க முடியும். எதிர்த் தரப்பு வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் தீர்ப்பாயமே மேல்.

இந்த இடத்தில் உங்களிடம் யாராவது வந்து, “வேலையை விட்டுவிட்டால் நஷ்டஈடு பெரிதாகக் கிடைக்கும்” என்று சொல்லலாம். ஒரு பாதி உண்மை அதில் இருக்கிறது. ஒரு உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை அவரவர் தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போனது போல, அரசு குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை என்று அங்கே உதாரணமும் இருக்கிறது. ஆக, மாற்று வேலையில் அதே ஊதியத்தில் தொடர்ந்தால் ‘வருமான இழப்பு’ என்ற தலைப்பில் வரும் தொகை குறையத்தான் செய்யும். வலி, வேதனை, மருத்துவச் செலவு, செயற்கைக் கால், துணைக்கு ஆள் வைத்த செலவு இவற்றுக்கான தொகைகள் குறையாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், 16 வருடச் சம்பளம், இன்கிரிமென்ட், பி.எஃப். இவற்றுக்கு ஈடாக எந்தத் தீர்ப்பாயமும் மொத்தமாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. மொத்தமாக வரும் பணம் வீட்டில் எத்தனை நாள் நிற்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இனி செய்ய வேண்டியது

கிளை மேலாளர், பொது மேலாளர், மேலாண்மை இயக்குநர் மூவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புகையோடு ஒரு மனு அனுப்புங்கள். கதை வேண்டாம். பெயர், பணி எண், சேர்ந்த தேதி, விபத்துத் தேதி, கால் எடுக்கப்பட்ட விவரம். ‘2016 சட்டத்தின் பிரிவு 20(4)-இன்படி அதே ஊதிய விகிதத்தில் மாற்றுப் பணி வழங்கவும், அதுவரை கூடுதல் பணியிடத்தில் வைத்து ஊதியம் வழங்கவும் வேண்டுகிறேன். விருப்ப ஓய்வு பெற எனக்கு விருப்பம் இல்லை’ என்று முடியுங்கள். அந்தக் கடைசி வரி முக்கியம். மருத்துவக் குழுத் தேதிக்கு முன்பே இது போய்ச் சேர வேண்டும்.

ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கென்று குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 23-ஆவது பிரிவு. புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். யார் அந்த அலுவலர் என்று கேட்டால் பல அலுவலகங்களில் முழிப்பார்கள். அதனால் ‘குறைதீர் அலுவலர்’ என்று பதவிப் பெயரிட்டே ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். சங்கத்திலும் சொல்லுங்கள். மாற்றுப் பணி வாங்கிக்கொடுத்த அனுபவம் உள்ள ஒருவராவது அங்கே இருப்பார்.

பதில் வரவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார். வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பலாம், செலவில்லை. அவர் செய்யும் பரிந்துரைமீது நிர்வாகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஆனால் பரிந்துரை பரிந்துரைதான். நீக்க உத்தரவுக்குத் தடை போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. எனவே பணி நீக்கம் என்றோ மருத்துவ ஓய்வு என்றோ உத்தரவு வந்துவிட்டால் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அந்த உத்தரவை ரத்து செய்யக் கோரி ரிட் மனு போட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், விசாரியுங்கள்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளவும் சொல்ல வேண்டும். சட்டம் காப்பது ஊதிய விகிதத்தையும் பணிப் பயன்களையும். வண்டி ஓட்டினால் வரும் கலெக்‌ஷன் பேட்டாவும் டபுள் டியூட்டிப் பணமும் இனி வராது. கையில் வரும் தொகை குறையும், வீட்டுக் கடன் தவணையை அதற்கேற்ப வங்கியில் பேசி நீட்டிக்க முடியுமா பாருங்கள். சம்பளமில்லாமல் போன மாதங்களுக்கான ஊதியத்தையும் மனுவில் கேளுங்கள், ஆனால் அது கைக்கு வருவது போராடித்தான் இருக்கும். மாற்று வேலை கிடைத்த பின் தரைத்தளத்தில் அறை, இரவு ஷிஃப்ட் இல்லாமை, வீட்டுக்குப் பக்கத்து டெப்போ ஆகியவற்றைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. தேவையான வசதிகளைச் செய்து கொடுக்க வேண்டும் என்று அதே 20-ஆவது பிரிவு சொல்கிறது.

இனி அந்த டெப்போ வாசல். அதற்குச் சட்டத்தில் என்னிடம் பதில் இல்லை. நேற்று வரை ஸ்டியரிங் பிடித்தவர், தனக்குக் கீழே வேலை பழகிய பையன்கள் வண்டி எடுத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்து நேரம் குறிப்பது லேசான காரியம் இல்லை. அவர் கோபப்பட்டால் படட்டும். என் கட்சிக்காரர் ஒருவர், மாற்றுப் பணி உத்தரவு கையில் வந்த பிறகும் இரண்டு மாதம் போகவில்லை. மூன்றாம் மாதம் பழைய கண்டக்டர் நண்பர் வந்து பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். உங்கள் கணவரோடு ஒரே செட்டில் ஓடிய கண்டக்டர் யாராவது இருப்பாரே. அவரிடம் நீங்கள் பேசிப் பாருங்கள், நான் எழுதியதைவிட அது எடுபடலாம்.

மருத்துவக் குழுவுக்குப் போகும் நாளில் அசல் ஆவணங்களைக் கையிலிருந்து விடாதீர்கள், நகல்களை மட்டும் கொடுங்கள். குழு அறிக்கையின் நகல் கிடைத்ததும் எனக்கு அனுப்பினால், அதில் அந்த ஒரு சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.